ஒளிமேஜையில் வைத்த ரொட்டி

பெல்கிரேட், மே 8

அன்பு மகள் நெவேனாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே வானிலை அறிக்கை வாசிக்கிறது. உன் இருமல் நின்றதா என்று எழுது. போனில் கேட்டால் நின்றுவிட்டது என்கிறாய், சொல்லி முடிப்பதற்குள் இருமுகிறாய். ஹீட்டரையும் கேத்தலையும் ஒரே பிளக் பலகையில் சொருகாதே, போன தடவை ஆஸ்திரியாவுக்கு, உன் க்ராட்ஸ் அறைக்கு வந்தபோது தொட்டுப் பார்த்தேன், சுட்டது. இனி சொல்லப்போவதைப் போனில் சொல்ல முடியாது. நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்குவாள். அதனால் எழுதுகிறேன். செப்டம்பரில் நான் அங்கே வரவில்லை. நீ நாலு பேரிடம் பேசி எனக்காக வாங்கிய அந்தக் கண்காட்சி அரங்க வேலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடு. கோபப்படு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

முந்தாநாள் நம் தியேட்டரின் ஸ்லாவா, காவல் புனிதருக்கான வருடாந்தர விருந்து, புனித ஜார்ஜ் நாள். மேடை முழுக்க புது நாடகத்தின் மரப்படிகள் நின்றதால் பாதிரியாருக்கும் மெழுகுவர்த்திக்கும் இடமில்லை, எல்லாவற்றையும் கீழே பார்வையாளர் பக்கம் கொண்டு வந்தார்கள். அங்கே நடு வரிசையில் இருக்கைகள் மேல் பலகை போட்டு, மேடை விளக்குகளை இயக்கும் என் ஒளிமேஜையை வைத்திருந்தேன், மாலை ஒத்திகைக்கு விளக்குகளின் அளவுகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். இன்னும் பாதி வேலை பாக்கி, பாட்டு முடிந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரொட்டியைச் சுழற்றினார்கள், வெட்டினார்கள், அதன் மேல் ஒயின் ஊற்றினார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. இந்த வருடம் நடத்தியது ரதோய்கா, உனக்கு அரசி வேஷத்துச் செருப்பைப் போட்டுப் பார்க்கக் கொடுப்பாளே அந்த நடிகை. அவள் பாதி ரொட்டியைத் தூக்கிப் பிடித்து அடுத்த வருட விருந்தை யார் எடுத்து நடத்துகிறீர்கள் என்று கேட்டாள். ஒருவரும் கை நீட்டவில்லை. இளசுகள் பாதிப் பேர் டப்பிங் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்கள், இருப்பவர்களும் அடுத்த வருடம் எங்கே இருப்போமோ என்கிறார்கள். ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள், அங்கே பார்க்க என் விளக்குகளைத் தவிர ஒன்றும் இல்லை. ரதோய்காவுக்குக் கை வலித்திருக்க வேண்டும், ரொட்டியை அப்படியே என் ஒளிமேஜை மேல் வைத்துவிட்டாள். ஒயின் சொட்டச் சொட்ட, நெவேனா, பொத்தான்களுக்கு நடுவில். நான் இரண்டு கையாலும் லபக்கென்று தூக்கினேன், எவன்தான் தூக்கமாட்டான்?

அரங்கமே எழுந்து நின்றது. மேடை ஆட்களின் தலைவர் மொம்சிலோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, “நல்லபடியா நடத்தி வைங்க, விருந்து வீட்டுக்காரரே,” என்று என் இரண்டு கன்னத்திலும் மூன்று முத்தம் வைத்தார். நான் மேஜையைக் காப்பாற்றினேன் என்று எவ்வளவோ சொன்னேன், யார் காதிலும் ஏறவில்லை, ராக்கியாச் சாராயக் குப்பியைத் திறந்துவிட்டார்கள். ரொட்டியை எடுத்தவன் விருந்தை எடுத்தவன்தான், உனக்கே தெரியும். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள், “ஒரு மேஜையக் காப்பாத்தப் போயி பொண்ணுக்குக் குடுத்த வாக்கக் கோட்டை விட்டுட்டு வந்திருக்க.”

நேற்று ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரதோய்கா வீட்டுக்குப் போனேன். எனக்கு வெளிநாட்டில் வேலை இருக்கிறது, மகள் காத்திருக்கிறாள் என்று விளக்கினேன். துணி வெட்டிக்கொண்டிருந்த அவள் கத்திரிக்கோலைக் கீழே வைக்காமலே, “திருப்பிக் குடுக்க இது என்ன மளிகைக் கடையா? போறதுன்னா ரொட்டியோட போ. அடுத்த வருஷம் நாங்க பஸ் வச்சிக்கிட்டு ஆஸ்திரியாவுக்கு வரோம், உன் மக எல்லாருக்கும் பாய் போடட்டும்,” என்றாள். காபி குடித்துவிட்டு ரொட்டியோடு திரும்பினேன்.

வழியில் உன் ஞாபகமாகவே வந்தது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது, கல்லூரிப் பாடமே முடியவில்லை. தேசிய அருங்காட்சியகம் பூட்டிக் கிடந்த வருடங்களில் வளர்ந்தவள் நீ, உன் வகுப்பே ஓவியங்களைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்தது. அதை ஈடுகட்டுகிறேன் என்று அம்மா உன்னை ஞாயிறு காலையில் கொலாரட்ஸ் மண்டபத்துக் கச்சேரிக்கும் பிற்பகலில் சினிமா காப்பகத்தின் பேசாத படத்துக்கும் இழுத்துக்கொண்டு அலைவாள். ஒரு நாள் பியானோக்காரர் நடுவில் தூங்கிப்போக, நீ நாற்காலி மேல் ஏறி, படம் செத்துப்போச்சு, அவரை எழுப்புங்க என்று கத்தினாய். சாயங்காலம் நம் தியேட்டரில் விளக்குகளின் முன் மாட்டும் வண்ணக் கண்ணாடித் தாள் வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளைக் கண்ணில் வைத்துக்கொண்டு மொம்சிலோவைப் பச்சையாகவும் ரதோய்காவை ஊதாவாகவும் பார்ப்பாய், பிறகு கம்பிச்சுருள்களுக்கு நடுவில் தூங்கிவிடுவாய். யாராவது ஒரு நடிகரின் மேலங்கி உன் மேல் கிடக்கும். யார் போர்த்தியது என்று நான் விசாரித்ததே இல்லை, எனக்கு வேலை இருந்தது.

எனக்கு நாடகம் தெரியாது, இத்தனை வருடத்தில் ஒரு நாடகத்தையும் வசனத்துக்காகக் கேட்டதில்லை. ஆனால் முந்தாநாள் அந்த ரொட்டியைக் கீழே வைக்க எனக்கு நேரம் இருந்தது. பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. மொம்சிலோ வரிசை தாண்டி மெல்ல நடந்து வந்து சேரும் வரை நான் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். இதுதான் விஷயம், மேஜை, ஒயின் எல்லாம் சாக்கு. நீ எனக்கென்று பார்த்து வைத்த அறையில் ஜன்னல் தெற்குப் பக்கம் என்று எழுதியிருந்தாய், அதைப் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, அதுவும் நிஜம். உன்னைத் தனியாக விட்டுவிட்டேன் என்று நினைப்பாய். அப்படி நினைக்க உனக்கு உரிமை உண்டு, நான் வாதாடப்போவதில்லை.

கடவுள் உன்னை நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும், படிப்பு கைகொடுக்கட்டும், நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். அம்மா ஐவார் மிளகாய்த் தொக்கு இரண்டு பாட்டில் அனுப்புகிறாள், திறந்தால் குளிரில் வை. அப்புறம் ஒன்று. ஸ்லாவாவுக்கு நம்மிடம் யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லை, தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள், கதவு திறந்திருக்கும். அதனால் நான் உன்னை அழைக்கவில்லை. அடுத்த வருடம் மே ஆறாம் தேதி நம் வீட்டில்தான் நடக்கிறது. உனக்குத் தெரிந்துவிட்டது.

உன் அப்பா,
ஸ்ரஜான்