அப்பா போன்கிட்டக் கேட்டது

தீனதயாளன், வயசு இருபத்திமூணு, சங்ககிரி ஊட்டு வாசல்ல நிக்கறேன். தங்கச்சி பிரவீனா, நான் சொல்லச் சொல்ல எழுதுது இந்தப் புது போன்! இது அப்பாவுக்கு. டிவி பக்கத்துல வெச்சுட்டுப் போறேன்.

போர் போடற ரிக் வண்டியில ராய்ப்பூர் போகாதன்னு போன தடவ நான் கெளம்பறப்ப சண்ட போட்டதுலருந்து அவரு எங்கிட்டப் பேசறதே இல்ல. அவரு பழைய போன்ல இருந்தத இதுக்கு மாத்தறப்ப, அவரு மைக்குல பேசித் தேடுனதெல்லாம் வந்துச்சு. "ஏனுங்க, ராய்ப்பூர்ல மழைங்களா?" "ரிக் வண்டிப் பசங்க சாப்புட்டாங்களாங்க?" போனு என்ன பதில் சொல்லிருக்கும்?

வண்டி வந்துருச்சு. தோசமாவு பிரிட்ஜுல இருக்குது.

நான் பாத்தேன்னு சொல்லீராத. என் நம்பரத் தெரையில முன்னாலயே வெச்சிருக்கேன். இந்த எழுத்த அழிச்சுட்டு, எதை அமுத்துனா நான் பேசுவேன்னு அவருக்குக் காட்டிக் குடு சாமி.