சம்பந்திக்கும் சேர்த்து வாங்கின மாத்திரை

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி. எட்டு மணி வரைக்கும் எதிர்வீடே தெரியல. தஞ்சாவூருக்கு பஸ். ஒருவழியா டாக்டரப் பாத்தாச்சு. ஒரு மாசமா ஒண்ணுக்குப் போறதே ஒரு உத்தியோகமா இருக்கு. எரிச்சல், அடிவயித்துல வலி, நாலு நாளா காய்ச்சல் வேற. போகலன்னா வீட்ல லூர்து சோறு போட மாட்டேன்னுட்டா.

டாக்டருக்கு என் பையன் வயசு. "சுவத்தப் பாத்துப் படுங்க ஐயா"ன்னார். அப்புறம் கையுறை, விரல். மேல எழுத மாட்டேன். முப்பத்திமூணு வருசம் கூட்டுறவு பாங்க்ல நாற்காலியத் தேச்சதுக்கு இதான் மரியாதை.

புராஸ்டேட்னு ஒரு சுரப்பியாம். ஆம்பளைங்களுக்கு மட்டும். அறுபத்தோரு வருசமா உள்ள இருந்திருக்கு, இன்னிக்குத்தான் பேரு தெரியுது. அதுல கிருமி புகுந்து வீக்கம்.

மருந்து:
சிப்ரோ - காலை 1, ராத்திரி 1. 28 நாள். நல்லாயிட்டாலும் நிறுத்தக் கூடாது.
வலிக்கு - சாப்பிட்டுட்டுத்தான்.
படுக்கப் போறப்ப சின்னது ஒண்ணு. வழிய இளக்குமாம். எந்திரிக்கிறப்ப தலை சுத்தும், மெதுவா.
சிப்ரோவோட பால், மோர் சேக்கப்படாது. தண்ணி நிறைய.

லூர்துகிட்ட நீர்க்கடுப்புன்னு மட்டும் சொன்னேன். பார்லிக் கஞ்சி ஆரம்பம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காய்ச்சல் இல்ல. எரிச்சல் பாதி.

பூசை முடிஞ்சு வந்தா சம்பந்தி வந்து உக்காந்திருக்கார். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு சிங்கப்பூர்லேர்ந்து ரீட்டா போன் பண்ணும். அவருக்கு மக, எனக்கு மருமக. அவர் ஊருக்கு இன்னும் போன் வரல. அதனால பஸ்ல முக்கா மணி நேரம் வந்து, எங்க வீட்ல உக்காந்து பேசிட்டுப் போவார். சம்சாரம் தவறி ஆறு வருசம். ஒரே புள்ள. அதுவும் புருசனோட கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருச்சு. இஸ்திரி போட்ட வேட்டி, நெத்தி வரைக்கும் படிய வாரின தலை. போனுக்குள்ளேர்ந்து மக பாக்கும்னு நெனப்பு போல.

"சாப்டீங்களாப்பா?"
"ஆச்சும்மா."
"உடம்பு?"
"எனக்கென்னம்மா, நல்லாருக்கேன்."

அவ்வளவுதான். அதுக்குள்ள மூணு தடவ கொல்லைப்பக்கம் போயிட்டு வந்தார். எனக்குத் தெரியாதா அந்த நடை.

பிப்ரவரி 15, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். கேட்டே புட்டேன். சம்பந்தியும் சம்பந்தியும் பேசுற பேச்சா இது! பொண்ணு குடுத்தவர், மரியாதை குறையாம வாங்க போங்கன்னு நாலு வருசம் ஓட்டியாச்சு.

"தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணுக்குப் போறதுல ஏதும் தொந்தரவா?"

நின்னுட்டார். நான் மாத்திரை சாப்பிடுறதச் சொன்னேன். மொகமே மாறிப் போச்சு.

"ஒரு வருசமா இருக்குங்க. இத யார்கிட்டப் போயி சொல்றது?"

டாக்டர்கிட்ட வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்னேன். அதோட வாய மூடியிருக்கலாம். சோதனை பண்ணின கதைய ஆரம்பிச்சேன். சும்மா சொல்லல, புளியமரத்தப் புடிச்சுக்கிட்டு நடிச்சே காட்டினேன். டாக்டர் கையுறை மாட்டினது, நான் "மாதாவே, மாதாவே"ன்னு அலறினது. மனுசன் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சார். அவர் பல்லு எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாத்தேன்.

சிரிச்சு முடிச்சு, கண்ணத் தொடச்சுக்கிட்டு: "அது மட்டும் நம்மால ஆகாது சம்பந்தி. ஒங்க மாத்திரையவே எனக்கும் வாங்கிக் குடுத்துருங்க."

அவ்வளவுதானேன்னேன்.

பிப்ரவரி 16, திங்கள்

மெடிக்கல் கடையில அதே சீட்ட நீட்டினேன். "அதுக்குள்ள தீந்துருச்சா சார்?" பஸ்ல தொலைச்சுட்டேன்னு புளுகினேன். குடுத்துட்டார்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், லூர்து கண்ணாடிக்கு ஸ்க்ரூ.

மார்ச் 1, ஞாயிறு

சம். வந்தார். போன ஞாயிறு குடுத்த மாத்திரைய ஒரு வாரம் முடிச்சிருக்கார். கொஞ்சம் தேவலையாம். தபசு காலம்னு காலைச் சாப்பாட்ட விட்டுட்டு வெறும் வயித்துல வலி மாத்திரை போட்டிருக்கார். புடிச்சுச் சத்தம் போட்டேன். "சரிங்க டாக்டர்"ன்னு கைகட்டி நின்னார். எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

போறப்ப அடுத்த வாரத்துக்கு உள்ளத பாக்குப் பொட்டலம் மாதிரி மடிச்சுக் குடுத்தேன்.

லூர்து: "அவருக்கு ஊர்ல பாக்கே கெடைக்கலையா?"

மார்ச் 6, வெள்ளி

தஞ்சாவூர். டாக்டருக்குத் திருப்தி. "போதும், நிறுத்திருங்க."

எனக்குத் தெரிஞ்சவருக்கும் இதே கோளாறுன்னு இழுத்தேன். டாக்டர் பேனாவக் கீழ வச்சுட்டார். "கோளாறு ஒரே மாதிரி இருக்கும், நோய் ஒண்ணா இருக்காது. வயசானவங்கள தொட்டுப் பாக்காம மருந்து குடுக்கப்படாது. வரச் சொல்லுங்க."

மார்ச் 8, ஞாயிறு

சொன்னேன். "வயல்ல உளுந்து அறுப்பு முடியட்டும், டாக்டர்கிட்ட வர்றேன்"ன்னார். ராத்திரி போடுற சின்ன மாத்திரையில நல்லா வழி விடுது, அத மட்டும் நிறுத்தாம வாங்கித் தாங்கன்னார். சரின்னுட்டேன். நல்லாத்தானே இருக்கார்.

ஜூன் 28, ஞாயிறு

வெயில் தணியல. ஆத்துல தண்ணி இன்னும் வரல. லூர்து ஊறுகா ஜாடிய ஒடச்சுட்டா.

சம். இளைச்சுட்டார். சட்டை தொங்குது. நாத்தங்காலுக்கு அலையுறாராம். உளுந்து எடுத்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சேன்னேன். "நடவு முடியட்டும்"ன்னார். நானும் மாத்திரையக் குடுத்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

போன வாரம் அவர் வரல. ரீட்டா "அப்பா எங்க மாமா?"ன்னுச்சு. வயல்ல வேலைம்மான்னேன். இன்னிக்கு வந்தார், இடுப்பப் புடிச்சுக்கிட்டு. பஸ் படியேற கண்டக்டர் கை குடுத்தாராம். குனிஞ்சு நிமிந்ததுல புடிச்சிருக்கும்னு நானே சொன்னேன். என்கிட்ட மிச்சம் கெடந்த வலி மாத்திரை ஒரு அட்டை குடுத்தேன். வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டார்.

செப்டம்பர் 22, செவ்வாய்

தூறல். அவர் ஊர்லேர்ந்து ஆள் வந்து சொன்னான். வரப்புல உக்காந்தவர் எந்திரிக்க முடியலையாம். கார் வச்சு தஞ்சாவூர், அதே டாக்டர். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் வரல. அதே சோதனைக்கு அன்னிக்கு நான்தான் மாதாவேன்னு கத்தினேன், அவர் கத்தல.

டாக்டர் வெளிய வந்தார், மொகம் சரியில்ல. "கல்லு மாதிரி இருக்கு. இத்தன நாளா என்ன மருந்து சாப்டார்?"

நான் வாயத் தெறக்குறதுக்குள்ள உள்ளேர்ந்து அவர் குரல். "நாட்டு மருந்துங்க."

செப்டம்பர் 30, புதன்

ரத்தம், எலும்பு படம் எல்லாம் வந்தாச்சு. புத்துநோய். முதுகெலும்புல எறங்கிருச்சு.

டாக்டர்கிட்டத் தனியா எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவார்னு பாத்தேன், திட்டல. பிப்ரவரியில கூட்டிட்டு வந்திருந்தா? "அப்பவே பரவியிருக்கலாம். பரவாமலும் இருந்திருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது ஐயா."

திட்டியிருந்தா தேவல.

ஆயிரம் பேரக் கொன்னவன் அரை வைத்தியன்பாங்க. எனக்கு ஆயிரம் தேவைப்படல, ஒருத்தர் போதுமா இருந்துச்சு. மாத்திரை குடுத்தது கூட இல்ல, அந்தச் சோதனையக் கேலி பண்ணிப் பயமுறுத்தினேனே. நாக்க அறுத்தாலும் தகும். இன்னிக்கு பூராவும் சாப்பிடல. லூர்துகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். "அவர இங்க கூட்டியாந்துருங்க"ன்னா.

அக்டோபர் 11, ஞாயிறு

மழை புடிச்சுக்கிச்சு. சம். இப்ப எங்க வீட்டு முன்னறையில. ஆபரேசன் ஒண்ணு ஆச்சு. வலி கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்குப் போன். ரீட்டா அழுவுது. "மாமா, வாராவாரம் நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஒருத்தருக்கும் எப்படித் தெரியாமப் போச்சு?"

கட்டில்லேர்ந்து அவர் என்னையே பாக்குறார். வேணாம்னு தலைய ஆட்டுறார்.

"யாருக்கும்மா தெரியும்"ன்னேன்.

போன வச்சப்புறம் பக்கத்துல கூப்பிட்டார். "அவ காலம் பூரா வந்து போக வேண்டிய வீடு சம்பந்தி இது. ஒங்க மேல அவளுக்கு மரியாதை இருக்கணும்." கொல்லைக்குப் போயி நின்னு அழுதேன்.

நவம்பர் 1, ஞாயிறு

ரீட்டா நேத்து வந்துருச்சு. பையனுக்கு லீவு இல்ல. கட்டில் பக்கத்துலயே கீழ படுத்துக்கிது. இன்னிக்குப் பதினோரு மணிக்கு மகளே பக்கத்துல இருந்தும் அவர் போனத் திரும்பிப் பாத்தார்.

பங்குச் சாமியார் வந்து அவர் நாக்குல நன்மை அப்பம் வச்சுட்டுப் போனார்.

நவம்பர் 9, திங்கள்

காலை ஆறே காலுக்குப் போயிட்டார். ரீட்டா கை புடிச்சிருந்துச்சு.

நவம்பர் 14, சனி

மழை விட்டிருக்கு. அவர் டிரங்குப் பெட்டிய ரீட்டா ஒழிச்சுது. வேட்டிக்கு அடியில காலி மாத்திரை அட்டைங்க, ஒரு கட்டு. எல்லாத்தையும் சேத்து ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கார்.

என்கிட்ட எடுத்துட்டு வந்துச்சு. "என்கிட்டயும் நாட்டு மருந்துன்னுதானே சொன்னார் மாமா. எவனோ இதக் குடுத்துக் குடுத்தே எங்கப்பாவ டாக்டர்கிட்டப் போக விடாமப் பண்ணியிருக்கான். அவன் நல்லாருப்பானா?"

அவர் வேணாம்னுதான் சொல்லிட்டுப் போனார். ஆனா அது அழுதுகிட்டே என் மொகத்தப் பாத்துக் கேக்குது. எப்படிப் பொய் சொல்ல?

"நான்தாம்மா."

புரியல அதுக்கு. மறுபடி சொன்னேன். முதல்லேர்ந்து எல்லாம் சொன்னேன், டாக்டர் எச்சரிச்சது, புளியமரத்தடியில நடிச்சுக் காட்டினது வரைக்கும். அது அட்டைங்கள எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு. லூர்து கூப்பிட்டும் சாப்பிட வரல.

நவம்பர் 16, திங்கள்

ரீட்டா கெளம்பிருச்சு. வாசல்ல லூர்துகிட்டக் குனிஞ்சு நெத்தியில சிலுவை வாங்கிக்கிச்சு. நானும் கைய எடுத்தேன். "வர்றேன்"னு தரையப் பாத்துச் சொல்லிட்டுக் கார்ல ஏறிருச்சு.

நவம்பர் 22, ஞாயிறு

பையன் பேசினான். ரீட்டாவுக்குத் தலைவலின்னான்.

நவம்பர் 29, ஞாயிறு

பையன் பேசினான். அது கடைக்குப் போயிருக்காம்.

டிசம்பர் 6, ஞாயிறு

வெயில். பூசைக்குப் போகல. லூர்து நடுவீட்ல அரிசி பொடைக்கிறா. பதினோரு மணிக்குப் போன். பையன். மழை பேஞ்சுதா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு, எல்லாம் கேட்டான்.

"ரீட்டா இருக்காப்பா?"

"இருக்காப்பா."

"கொஞ்சம் குடேன்."

பின்னாலேர்ந்து அது குரல் கேட்டுச்சு, "அடுப்ப அணைச்சிட்டீங்களா?"ன்னு அவனக் கேக்குது.

"குளிக்கிறாப்பா"ன்னான்.

சரிப்பா, குளிக்கட்டும்னு சொல்லி வச்சுட்டேன்.