ஏழிற்கோன் அங்கி உலரும்வரை

பிழியாதே, பிழியாதே என்று கத்திக்கொண்டே சேடி பூவாளின் கையிலிருந்து நனைந்த கம்பளி அங்கியைப் பறித்து, மார்போடு அணைத்துத் தூக்கிய கோலத்தில், முழங்கை வழியே நீர் ஒழுக ஒழுக, பனிபடு வெண்கோட்டு நாடாண்டு விண்ணேகிய ஏழிற்கோனின் தேவியும் இளவரசி தும்பையின் தாயுமான நங்கைவல்லி மாதேவி சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிய ஓலை.

வடகணவாய்க் கோட்டைத் தலைவர், பனியிலும் உறங்காக் காவலர், எயினன் சாத்தனார் காண்க. தங்கள் மதில் உறுதியாகுக. தங்கள் அடுப்பில் தீ அணையாதிருக்க. தங்கள் குதிரைகளின் குளம்பு வழுக்காதிருக்க. இங்கு யாம் நலம் என்று எழுதுவது மரபு, எழுதியாயிற்று.

தாங்கள் விடுத்த ஓலை கண்டோம். முதற்பனி விழுமுன் அரச அங்கி கணவாய்க்கு வந்தாக வேண்டும், மறைந்த மன்னரின் இளவல் நள்ளியாதர் படையோடு காத்திருக்கிறார், இனியும் தாமதித்தால் வீரர் முணுமுணுப்பர் என்று எழுதியிருந்தீர். முணுமுணுப்பது வீரரா, எம் கொழுந்தனாரா என்று யாம் கேட்கவில்லை.

மன்னர் மறைந்தால் அவர் வேர்வை அடுத்தவர் தோளில் ஏறலாகாது, வெளுப்போரிடம் கொடாமல் அவர் தேவியே வீட்டு முற்றத்தில் தன் கையால் அங்கியைத் துவைத்துத் தரவேண்டும் என்பது இந்நாட்டு முறை. அம்முறையை வகுத்த பெரியோர் எவரும் நனைந்த கம்பளியை ஒருநாளும் தூக்கிப் பார்த்தவரல்லர் என்பது எம் துணிபு. நீர் குடித்த அங்கி ஒரு கன்றுக்குட்டியின் கனம் கனக்கிறது.

முதலில் அதை வெயிலில் விரித்துப் பிரம்பால் தட்டித் தூசி போக்கினோம். கழுத்தில் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்குக்குப் பயற்றமாவு தடவி ஊறவிட்டோம். பின் பூந்திக்கொட்டை நுரையில் அமிழ்த்தி, தேய்க்காமல், மெல்ல அமுக்கி அமுக்கியே அழுக்கை வெளியேற்றி, நுரை அற்றுப்போகும்வரை நீர் மாற்றினோம். கொடியில் தொங்கவிட்டால் தன் கனத்தாலேயே தோள் இழுபட்டுப் போகும். ஆதலின் பாய்மேல் நெடுக விரித்து நிழலில் உலர்த்துவோம். ஆடு இதே கம்பளியோடு வாழ்நாளெல்லாம் மழையில் நனைந்ததே, அதை எந்த அரசி பாயில் படுக்கவைத்து உலர்த்தினாள் என்று பூவாள் கேட்கிறாள்.

அண்ணன் வேர்வை எனக்கென்ன அந்நியமா, அண்ணி ஏன் இன்னும் தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று கொழுந்தனார் கேட்டனுப்பினார். தும்பைக்கு அதைப் போட்டால் அங்கிதான் நடக்கும், பிள்ளை தெரியாது என்று தங்கள் முன்னிலையில் சொல்லிச் சிரித்தாராம். அது பொய்யுமன்று. தோளில் இறுகாமலும் மண்ணில் புரளாமலும் அங்கி எவர்க்குப் பொருந்துமோ அவரே அரசர். பொருந்தாத வாரிசு அன்றே கணவாய் கடந்து நாடு நீங்கவேண்டும். அளவு திருத்த அங்கியில் கத்தியோ ஊசியோ படலாகாது. அந்தப் பனியில் எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு தூரம் நடப்பாள் என்பது, கணவாய் காக்கும் தங்களுக்குத் தெரியும்.

ஆயினும் முறை முறையே. உலர்ந்ததும் அங்கியை யாமே கொணர்வோம். வாரிசுகள் இருவரில் மூத்தவராதலின் கொழுந்தனாரே முதலில் அணிக. படை முழுதும் நின்று காண்க. இஃது எம் ஆணை. மலை நிற்கும்வரை இவ்வோலை நிற்க.

*

சாத்தனாரே, மேலோலையை அவையில் உரக்க வாசியுங்கள். ஓலைக்குழலின் அடியில் மறைத்துவைத்த இந்தச் சிற்றோலையைத் தனியே படித்துவிட்டு அடுப்பில் இடுங்கள். இதை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள்க. உள்ளங்கைத் தோல் உரிந்திருக்கிறது. சட்டத்துக்குக் கட்டுப்படுவேன், ஆனால் நள்ளியாதர் முன் என் முதுகு மனமுவந்து வளையாது என்று தாங்கள் இங்கு வந்தபோது சொன்னதை நம்பித்தான் இவ்வளவும்.

மேலோலையில் உள்ள துவைப்பெல்லாம் உண்மை. அதை எழுதி முடித்ததும் எழுத்தரை வெளியே அனுப்பிக் கதவை அடைத்தேன். அண்டாவில் நீர் கொதித்தது. அங்கியை அதில் இட்டேன். எடுத்துச் சுனைநீரில் போட்டேன். கல்மேல் வைத்து உருட்டி உருட்டித் தேய்த்தேன். மறுபடி கொதிநீர். கம்பளி சுருங்காதிருக்க எதெதைச் செய்யலாகாதோ அத்தனையும் ஒன்று விடாமல் செய்தேன். பூவாள் முதலில் அழுதாள். புரிந்ததும் விறகு அள்ளிக்கொண்டு வந்தாள். கத்தி படவில்லை, ஊசி படவில்லை. பிள்ளையை வளர்க்க எனக்குக் காலம் தரப்படவில்லை, வேறென்ன செய்வேன்?

கொழுந்தனார் அங்கிக்குள் கை நுழைக்கும்போது தங்கள் வீரர் எவரும் சிரிக்கலாகாது. சிரித்தால் அவர் வாள் பதில் சொல்லும். வேண்டும்வரை முயலட்டும். கோட்டை வாயிலுக்கும் அவர் படைக்கும் நடுவே தங்கள் வீரர் நிற்கட்டும். பொருந்தாதவர் கணவாய் கடக்கும் முறை அவருக்கும் உண்டு. நல்ல குதிரையும் தடித்த போர்வையும் கொடுத்தே அனுப்புங்கள். எனக்கு யார்மீதும் கோபப்படக்கூட இனித் தெம்பில்லை. உறங்கவேண்டும், அவ்வளவே.

கீழே அரக்கில் பதிந்திருக்கும் முத்திரை என் கை இட்டதன்று. தும்பை இட்டாள். ஏழிற்கோன் அங்கியை அணிந்துகொண்டு இட்டாள். அதன் கை அவள் மணிக்கட்டில் நின்றது, விளிம்பு தரையைத் தொடவில்லை.