தங்கூசி சாய்ந்த பக்கம்

7.1.96, ஞாயிறு

இங்கே ஜனவரிதான் கோடை, பத்து மணிக்கே வெயில் கொளுத்துகிறது. கிழமை முழுக்க புக்கெகோஹித் தோட்டக் கொட்டகையில் வெங்காயம் தரம்பிரித்ததில் மூக்கு இன்னும் அடைப்பு. போர்வைகளை உலரப்போட்டுவிட்டு உள்ளே வர டெலிபோன் அடித்தது. கனடாவிலிருந்து தம்பி யசீகரன்.

மூன்று மாதமாக எங்கள் கதை ஒன்றேதான். யாழ்ப்பாணச் சண்டையில் ஊரில் யார் இடம்பெயர்ந்து எங்கே போனது, யாரிடமிருந்து கடிதம் வந்தது. இன்றைக்கு அதையெல்லாம் விட்டுவிட்டு மீன் கதை தொடங்கினான். அவன் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஏரி, மாரிக்குளிரில் உறைந்துவிடும். சனிக்கிழமைகளில் தொழிற்சாலைச் சிநேகிதர் மூன்று பேரோடு போய், ஐஸில் ஓட்டை போட்டு, மேலே பலகைக் குடில் வைத்து, உள்ளே குந்தியிருந்து தூண்டில் போடுகிறானாம். சாகப் போகிறாய் என்று ஏசினேன். வண்டியே ஓடுகிற ஐஸாம் அது.

"அக்கா, ஈயக்குண்டு கட்டின தங்கூசி நூல் நேர கீழ தானே தொங்கவேணும்? என்ர நூல் சரிஞ்சு நிக்குது. ஆரோ கீழ இருந்து இழுக்கிற மாதிரி."

மீனாக்கும் என்றேன்.

"மீன் அரை மணித்தியாலம் ஒரே பக்கம் இழுக்குமே?"

இழுக்காதுதான்.

8.1.96

வெங்காயம் ஓடுகிற இயந்திரப் பட்டிக்கு முன்னால் நின்று நாள் முழுக்க யோசித்தேன். மேலே மூடி போட்ட ஏரி. காற்றுப் படாது. பக்கத்தில் ஆறும் இல்லையாம். பிறகு எது தண்ணீரை ஓட்டுகிறது? அழுகல் மூன்றை நல்ல பெட்டிக்குள் போட்டுவிட்டேன். மேற்பார்வைக்காரி பார்க்கவில்லை.

14.1.96, ஞாயிறு

திரும்பவும் யசீ. நூல் ஒரு பக்கம் சாய்ந்ததாம், பிறகு நிமிர்ந்ததாம், பிறகு மற்றப் பக்கம் சாய்ந்ததாம்! சிநேகிதர்களிடம் சொல்ல அவர்கள் சிரித்தார்களாம். குளிரில் உன் கை நடுங்குகிறது, நூல் என்ன செய்யும் என்றார்களாம்.

நானும் சிரித்திருப்பேன். எங்கள் வீட்டில் அவனுக்குப் பெயரே புளுகன். எட்டு வயதில் மாட்டுவண்டி அளவு ஆமை கண்டவன். ஆனால் இதை எப்படிப் புளுகுவது? ஒரு பக்கம், நிமிர்வு, மறுபக்கம். இது ஊசலாட்டம்! புளுகுகிறவனுக்கு இவ்வளவு ஒழுங்கு வராது. வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அங்குமிங்கும் ஆடுமே, அதுபோல முழு ஏரியும் ஆடுகிறது என்று வைத்துக்கொண்டால்?

அளந்து எழுது என்றேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால். எத்தனை பாகை சாய்வு, எந்தத் திசை. குடிலுக்கு ஜன்னல் இல்லை, உள்ளே இருந்தால் திசை தெரியாது என்றான். திசைகாட்டி அனுப்புகிறேன் என்றேன். போன வருஷம் மகள் பிரணவியின் பள்ளி முகாமுக்கு வாங்கியது சும்மா கிடக்கிறது.

"அக்கா, நீங்கள் நம்புறீங்களோ?"

"அளந்து போட்டுச் சொல்லு, நம்புறன்."

16.1.96

பொதி தபாலில் போய்விட்டது. நான்கு பக்கத்தில் செய்முறை எழுதி வைத்தேன், படத்தோடு. படிப்பித்தலை விட்டு ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு செய்முறை எழுதினேன்! கையெழுத்துக்கூட அழகாக வந்தது.

20.1.96, சனி

குளியல் தொட்டியை நிரப்பி, மேலே பொலித்தீன் விரிப்பை இறுக்கிக் கட்டி, நடுவில் ஓட்டை போட்டு, நூலில் ஆணி கட்டித் தொங்கவிட்டேன். ஒரு நுனியில் விரிப்பின் மேல் உள்ளங்கையால் மெல்ல அமத்திவிட்டு எடுத்தேன். ஆடுகிறது! மூடி போட்டாலும் ஆடுகிறது! ஆணி இந்தப் பக்கம் போய், நின்று, அந்தப் பக்கம் போகிறது. காற்று ஏரியின் ஐஸை ஒரு கரையில் அமத்திவிட்டு விட்டால் இதேதான் நடக்கும். யசீ, நீ புளுகவில்லையடா!

பிரணவி வந்து பார்த்து, "மம், யூ ஆர் மேட்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவர் விமான நிலையச் சமையற்கூட வேலை முடிந்து வந்து ஈரத்தில் வழுக்கினார்.

"புஷ்பம், கனடாவில ஏரி உறைஞ்சு கிடக்குது. எங்கட வீட்டில வெள்ளம். என்ன நியாயம் இது?"

துடைத்துக்கொண்டே மூன்று தரம் அவருக்கு விளங்கப்படுத்தினேன். மூன்றாம் தரம் அவரும் குந்தியிருந்து ஆணியைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் நான் பௌதிகம் படிப்பித்ததை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

28.1.96, ஞாயிறு

திசைகாட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. டெலிபோனில் ஒப்பிக்கச் சொன்னேன். "அம்புக்குறியை நூல் சாயுற பக்கம் பிடிக்கிறது. ஊசி நிண்ட பிறகு வட்டத்தில ஊசிக்கு நேர இருக்கிற எண்ணை எழுதுறது." சரி. அடுத்த சனி ஆறு மணித்தியாலம் எடுப்பானாம். வெளியே இருபது பாகைக் குளிர், பூச்சியத்துக்குக் கீழே. அவன் இப்படிச் சந்தோஷமாகக் கதைத்து எத்தனை வருஷம்!

5.2.96, திங்கள்

இங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிற சதாசிவம் அண்ணையிடம் ஃபாக்ஸ் வந்தது. வேலை முடிந்து நேரே ஓடினேன். நாலு தாள், எழுபத்துமூன்று அளவீடு! அண்ணை மிளகாய்த்தூள் வியாபாரத்தை விட்டுவிட்டு என்ன என்ன என்று கேட்டார். கடை மேசையிலேயே வரையத் தொடங்கினேன். நேரம் கிடை அச்சில், சாய்வு நிலைக்குத்து அச்சில். ஏறுகிறது, இறங்கிப் பூச்சியத்துக்குக் கிட்ட வருகிறது, திரும்ப ஏறுகிறது. முப்பத்துமூன்று நிமிடத்துக்கு ஒரு மேடு. பதினொரு மேடு! அழுகை வந்துவிட்டது. அண்ணை சோடா உடைத்துத் தந்தார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திசையை எடுத்தேன்.

48, 50, 48, 47, 49, 48.

கடைசி வரைக்கும் அப்படியே. ஆறு மணித்தியாலமும் நூல் ஒரே பக்கம் சாய்ந்ததாம். வாயால் சொன்னது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். எழுதியது ஒரே பக்கம். ஏரி என்ன குழாயா, ஒரு பக்கமாகவே ஓடிக்கொண்டிருக்க?

பதினொரு வருஷம் பள்ளிப் பிள்ளைகள் செய்துபார்க்காமல் வீட்டிலிருந்து சமைத்துக்கொண்டு வந்த பரிசோதனை எண்களைத் திருத்தியவள் நான். இப்படித்தான் இருக்கும். இரண்டு கூட்டி, ஒன்று குறைத்து.

6.2.96, செவ்வாய், விடுமுறை

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இல்லை, கேட்கத்தானே வேண்டும்?

"இதை எங்க இருந்து எழுதினனீ? குடிலிலயோ, கட்டில்லயோ?"

"விரல் விறைச்சு, பென்சிலை வாயில வைச்சு ஊதி ஊதி எழுதினனான் அக்கா" என்றான். நான் நிறுத்தவில்லை. சின்ன வயதில் தொடங்கினது இன்னும் விடேல்லை, நாப்பது வயசாகப் போகுது, இப்பவும் புளுகே என்றேன். ஆமையையும் இழுத்தேன்.

வைத்துவிட்டான்.

11.2.96, ஞாயிறு

டெலிபோன் வரவில்லை.

18.2.96, ஞாயிறு

இன்றைக்கும் இல்லை. நான் எடுக்க, அடித்துக்கொண்டே இருந்தது.

இவர் சொன்னார்: "புளுகுறவன் இருபது பாகைக் குளிரில போயிருந்து புளுகுவானே? கட்டில்ல இருந்து புளுகுறவன் உமக்குப் பிடிச்ச மாதிரியெல்லோ எழுதியிருப்பான்." இவர் வாய் திறப்பது குறைவு. திறந்தால் இப்படி.

அதுதானே. என்னை ஏமாற்ற நினைத்தவன் நான் கேட்க ஆசைப்பட்டதைத்தானே எழுதியிருப்பான்?

20.2.96, செவ்வாய்

ஒழுங்காக எழுதுகிறேன்.

பிரணவிக்கு இந்த வருஷமும் முகாம். பழைய திசைகாட்டி கனடாவில், அதனால் புதிது வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரக் கிழவன் கதைகாரன். போனது எங்கே என்று கேட்டான், சொன்னேன். தலையில் கைவைத்துச் சிரித்தான். இங்கே விற்கிறது இந்தத் தெற்கு அரைக்கோளத்துக்குச் சமன்செய்த ஊசி, அம்மா, அங்கே கொண்டுபோனால் வடக்கு முனை கீழே குத்திக்கொண்டு அடித்தட்டில் ஒட்டிவிடும், திருப்பினால் ஊசியும் பெட்டியோடு சேர்ந்து திரும்பும் என்றான்.

ஊசியும் பெட்டியோடு சேர்ந்து திரும்பும்! அப்படியென்றால் எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே எண்தான் காட்டும். நாற்பத்தெட்டு! நாற்பத்தெட்டு!

காந்த ஊசி வடக்கே போகப் போகத் தலை குனியும், தெற்கே போனால் மற்ற முனை குனியும். இதைப் பதினொரு வருஷம் கரும்பலகையில் வரைந்தவள். யாழ்ப்பாணத்தில் ஊசி கிட்டத்தட்ட மட்டமாக நிற்கும், அதனால் படத்தில் மட்டும் கண்ட சங்கதி. புத்தகத்தில் படிப்பித்ததைப் பொதியில் கட்டி அனுப்பும்போது மறந்துபோனேன். எனக்கென்ன ரீச்சர் பட்டம்!

புளுகினது திசைகாட்டி. அனுப்பினது நான். ஏச்சு வாங்கினது என்ர தம்பி. ஐயோ, என்ன வேலை செய்துபோட்டன்.

21.2.96

டெலிபோன் எடுக்கிறானில்லை. அவன் தொழிற்சாலைக் கந்தோருக்கு ஃபாக்ஸ் போட்டேன். தமிழில், பெரிய எழுத்தில். "யசீ, பிழை என்னுடையது. திசைகாட்டி தெற்குக்குச் செய்தது. நீ எழுதிய ஒவ்வொரு எண்ணும் சரி. என்னை மன்னித்துக்கொள். அக்கா."

அங்கே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாதே என்றார் சதாசிவம் அண்ணை. தெரிந்தாலும் பரவாயில்லை, ஊரறிய ஏசினால் ஊரறியத்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும் என்றேன். நான் ஏசியது ஊருக்குத் தெரியாதே என்றார். இப்போது தெரியும்.

25.2.96, ஞாயிறு

எடுத்தான்!

முதலில் நான் அழுதேன். பிறகு அவன் சொன்னான்.

"ஊசி ஒட்டிக்கொண்டு நிக்குது எண்டு எனக்கும் தெரிஞ்சது அக்கா. தட்டித் தட்டிப் பாத்தனான்."

"பிறகு ஏனடா சொல்லேல்ல?"

"நீங்கள் அனுப்பினது. நீங்கள் பிழை விடமாட்டியள் எண்டு நினைச்சன். என்ர கண்தான் பிழை எண்டு நினைச்சு, ஊசி சொன்னதை எழுதினன்."

இதை எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இன்றைக்குக் கொப்பியை எடுத்தேன். அவன் தன் கண்ணை விட்டுவிட்டு என்னை நம்பினான். நான் அவனை விட்டுவிட்டு ஒரு தகரத் துண்டை நம்பினேன்.

பிறகு அவனே கேட்டான்: "குடிலில வாசல் ஒரு பக்கம், அடுப்பு மற்றப் பக்கம். வாசல் பக்கம், அடுப்புப் பக்கம் எண்டு எழுதினால் காணாதோ?" காணும்! தாராளமாகக் காணும்! நாலு பக்கச் செய்முறை எழுதிய எனக்கு இது தோன்றவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம், வயிறு நோக.

4.3.96, திங்கள்

ஃபாக்ஸ். வாசல், வாசல் என்று ஆறு தரம், நேர், அடுப்பு, அடுப்பு என்று ஆறு தரம், நேர், திரும்பவும் வாசல்!

கடைக்குள்ளேயே கத்திவிட்டேன். மரக்கறி தெரிவுசெய்துகொண்டிருந்த பெண் பயந்து வெண்டிக்காயைக் கீழே போட்டாள். முப்பத்துமூன்று நிமிடம் வாசல் பக்கம், முப்பத்துமூன்று நிமிடம் அடுப்புப் பக்கம். ஏரி ஆடுகிறது. அரை உலகத்துக்கு அப்பால், ஐஸுக்குக் கீழே, கறுப்புத் தண்ணீர் தொட்டில் மாதிரி ஆடுகிறது. அதை முதலில் கண்டது என் தம்பி, இரண்டாவதாகக் கண்டது நான். வேறு யாராவது முன்னரே கண்டிருக்கலாம். இருக்கட்டும்.

வரைபைப் பெரிதாகக் கீறி, வாசலுக்குச் சிவப்பு, அடுப்புக்கு நீலம் என்று பூசி அனுப்பினேன். ஃபாக்ஸில் எல்லாம் கறுப்பாகத்தான் போகும் என்று பிரணவி சொல்லித்தான் நினைவு வந்தது. பிறகு கோடும் புள்ளியுமாகத் திரும்பக் கீறினோம், இரண்டு பேரும். புள்ளிகள் அவளுடையவை.

6.3.96

வரைபைக் குடிலின் சுவரில் ஒட்டப் போகிறானாம். சிநேகிதர்களுக்கு ஒவ்வொரு கோடாகக் காட்டினானாம். சிரிக்கவில்லையாம். ஒருவன் தன் குடிலிலும் பார்க்கப் போகிறேன் என்றானாம்.

10.3.96, ஞாயிறு

நேரத்தோடு எழுதவில்லை. இப்போதுதான் உட்கார முடிந்தது.

யசீ டெலிபோனில் சொன்னது: ஐஸில் இருக்க இதுதான் கடைசிக் கிழமையாம். அடுத்த கிழமைக்குள் குடில்களைக் கரைக்கு இழுத்துவிட வேண்டும். சனிக்கு முதல் நாள் பெரிய காற்று அடித்திருக்கிறது. காலையில் யசீ தூண்டில் போட்டால், நூல் ஒருநாளும் சாயாத சாய்வு சாய்ந்து ஓட்டையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றதாம், வாசல் பக்கம். அரை மணித்தியாலத்தில் அதே வேகத்தில் அடுப்புப் பக்கம். ஏரியின் விரிகுடா ஒடுங்குகிற முனைக்குப் பக்கத்தில்தான் குடில்கள். ஒடுங்கின இடத்தில் தண்ணீர் வேகமாக ஓடும், ஓடுகிற தண்ணீர் ஐஸைக் கீழிருந்து தின்னும். அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவனாக யோசித்தது.

வெளியே வந்து ஒவ்வொரு குடிலாகத் தட்டினானாம். அவனுடைய மூன்று பேர், பக்கத்தில் தெரியாதவர்கள் ஆறு பேர். கரைக்கு வாங்கோ, இப்பவே வாங்கோ என்று, அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷில். சாமான்களை விட்டுவிட்டு எல்லாரும் நடந்தார்கள். கோப்பி குடித்துக்கொண்டு கரையில் நிற்கும்போது முனையடியில் ஐஸ் நீளமாகப் பிளந்தது. இரண்டு குடில் போயிற்று. ஒன்று அவனுடையது, வரைபோடு சேர்ந்து.

இவ்வளவையும் யசீ பதற்றமில்லாமல்தான் சொன்னான். இடையில் பகிடிகூட விட்டான். கடைசியில்தான் குரல் உடைந்தது.

"ஒருத்தனும் ஏன் எண்டு கேக்கேல்லை அக்கா. நான் சொன்ன உடன எழும்பி வந்தவங்கள்."

எத்தனை மணிக்கு, எத்தனை பாகை என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.