சுப்பையா அண்ணன் மில் மீது ஒரு மொட்டைக் கடிதம்

6.3.61, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. சன்னல் திறக்க வழியில்லை. அடுத்த வீட்டுச் சுப்பையா அண்ணன் மாவு மில்லில் காலையிலிருந்து மிளகாய் வத்தல். குழந்தை இருமி இருமிப் பாலைக் கக்கிவிட்டது. இரண்டு முறை நேரில் சொல்லியாயிற்று. "சரி தம்பி, கதவைச் சாத்திக்கிட்டு அரைக்கிறேன்" என்பார். சாத்தினால் அவரே உள்ளே நிற்க முடியாது. மறுபடி திறப்பு.

மதியம் ஆபீஸ் டைப்ரைட்டரில், லைசென்ஸ் இலாகாவுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம். குடியிருக்கிற வரிசையில் மில் எதற்கு என்று ஒரே போடு. பெயர் போடவில்லை. தபாலில் சேர்த்தாயிற்று. கமலாவுக்குத் தெரியாது.

வாங்க: பால் டின், இருமல் மருந்து, சவரக் கத்தி.

14.3, செவ்வாய்

நானே தேடிக்கொண்ட வினை. லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வந்தாராம். மில்லோடு நிற்கவில்லை, வரிசை முழுக்க வீடு வீடாக. எனக்கு இது தோன்றவே இல்லை, மடையன். கமலா எட்டுப் பேருக்குச் சமைத்துக் கொடுக்கிறாள், எல்லாம் துறைமுகத்து ஆட்கள். லைசென்ஸ் கிடையாது. அவர் நுழைந்தபோது மேசை மேல் எட்டு டிபன் கேரியர்.

சு. அண்ணன் ஓடி வந்து மலாயில் சொன்னாராம், எல்லாம் என் மில் ஆட்கள் சாப்பாடு என்று. மில்லில் இருப்பதே அவரும் இன்னொருவரும்தான். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

"எந்தக் கடங்காரன் எழுதிப் போட்டானோ, விளங்கவே மாட்டான்" என்றாள் கமலா, எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.

17.3, வெள்ளி

சு. அண்ணன் வந்தார், கையில் நோட்டீஸ். லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று திங்கள் பத்து மணிக்கு வந்து சொல்ல வேண்டும்.

"நீங்க கூட வந்து பேசிக் குடுங்க தம்பி. அங்க எல்லாம் இங்கிலீஷ்லா. மில்லு போச்சுன்னா எனக்கு வேற என்ன தெரியும்?"

லீவு கிடைக்காது என்று சொல்ல வாய் திறந்தேன்.

"வருவாரு அண்ணே" என்று கமலா முந்திக்கொண்டாள்.

பயமாக இருக்கிறது. கடிதம் ஃபைலில் இருக்கும்.

20.3, திங்கள்

மழை. பஸ்ஸில் சு. அண்ணன் நோட்டீஸை மடித்து மடித்துப் பிரித்தார்.

கண்ணாடி போட்ட சீன அதிகாரி. ஃபைலிலிருந்து என் கடிதத்தை எடுத்து என்னிடமே நீட்டினார், தமிழில் படித்துக் காட்டச் சொல்லி. படித்தேன். "இந்த மனிதருக்கு அக்கம்பக்கத்தார் உயிர் பெரிதல்ல" என்று ஒரு வரி. அதை விழுங்கிவிட்டேன்.

"தூசி வர்றது நிசந்தான். தகரம் அடிச்சு, புகைக்கூண்டு மாதிரி வச்சுத் தூசிய மேல ஏத்திடுறேன்னு சொல்லுங்க தம்பி."

சொன்னேன். அதிகாரி பேனாவை மூடினார். கூண்டு போதும் என்று புகார் செய்தவர் ஒப்புக்கொண்டால் லைசென்ஸைப் புதுப்பிக்கலாம். கடிதத்தில் பெயரே இல்லை, யாரைக் கேட்பது? இல்லாவிட்டால் ரத்துதான் என்றார்.

எழுதியது நான்தான், கூண்டு வைத்தால் எனக்குப் போதும் என்று இங்கிலீஷில் சொன்னேன். அதிகாரி என்னையே பார்த்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார்.

"என்ன தம்பி சொல்றாரு?"

"அவரு சொல்லலைண்ணே. நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

அதையும் தமிழில் சொன்னேன்.