கடல் சூடானதற்கு நீயா காரணம்?

என் பேச்சியக்காவுக்கு,

நீ உயிரோடு இருந்தபோதே வந்திருக்க வேண்டிய செய்தி இது.

கணவரை இழந்த நீ, எண்பத்திரண்டாம் வருஷம் மறுமணம் செய்துகொண்டு கம்பத்துப் பக்கம் அந்த ஊருக்குப் போனாய். அந்த வருஷம் தென்மேற்குக் காற்று ஏய்த்துவிட்டது. மலைமேல் அணை நிரம்பவில்லை, அடிவாரத்து லோயர் கேம்ப்பில் இறங்கும் அணைத் தண்ணீர் மெலிந்தது, நாற்று கருகியது. ஊருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. கைக்கெட்டும் தூரத்தில் நீ இருந்தாய்.

"அறுத்தவ ரெண்டாந்தாலி கட்டுனா வானம் எப்படிப் பெய்யும்?" என்றார் உன் மாமியார்.

"ஊர்க்கெணத்துல கை வைக்காத ஆத்தா, பெரியவுக சொல்லிட்டாக" என்று பக்கத்து வீட்டுக்காரி உன் குடத்தை நகர்த்தி வைத்தாள். உன் கணவர் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

பங்குனி வெயிலில் தண்ணீருக்காகக் காட்டுக்குள் பாழுங்கிணறு தேடிப் போனாய். படி சரிந்து பாறையில் விழுந்தாய். உன்னைக் குளிப்பாட்ட ஊர்க்கிணற்றிலிருந்துதான் குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள். செத்தவளுக்குத் தடை இல்லை போலும்.

ஆவணியில் மழை கொட்டியது. "பாத்தியா, அவ போனா, மழை வந்துருச்சு" என்று என் காதுபடச் சொன்னார்கள்.

போன மாதம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு வானிலை அதிகாரி ஒருவர் பேச வந்தார். பசிபிக் கடலின் மேற்கே குவிந்து கிடக்கும் சூடான நீர் அந்த வருஷம் கிழக்கே நகர்ந்துவிட்டதாம். கடல் எங்கே சூடோ அங்கேதான் காற்று மேலெழுந்து மேகம் திரளும். மழையும் அங்கே போய்விட்டது. நமக்கு வரவேண்டிய காற்று வலுவிழந்தது. மறு வருஷம் கடல் ஆறியது, காற்று திரும்பியது. அவ்வளவுதான் அக்கா.

"சார், இங்கன ஒரு பொம்பள தாலி கட்டிக்கிட்டா அந்தக் கடல் சூடாகுமா?" என்று கேட்டேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

உன் மாமியாரிடம் போய்ச் சொன்னேன். "கடலு எங்கனயோ கெடக்கு. அவ போனதும் மழை வந்துச்சா இல்லையா?" என்றார். அவரை என்ன செய்ய?

இப்போது எண்பத்தேழாம் வருஷம். காற்று மறுபடி பிந்துகிறது. அதே ஊரில் புதிதாக வந்த மருமகள் ஒருத்தியின் பெயர் அடிபடுகிறதாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். அவள் வாசலில் உட்காரப் போகிறேன். பெரியவர்கள் முதலில் என்னிடம் பேசட்டும். மழை வராமல் போகலாம். அவள் உயிரோடு இருப்பாள். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
முத்துமாரி