அவரை விதை இருந்த பாக்கெட்

போளூர் வட்டம், மலையடி
ஆனி மாதம், ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

ஷோபனா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அங்கே வெயில் கொளுத்துகிறது என்று ஜோஸ்வின் அண்ணன் சொன்னார். மதியத்தில் வேலை நிறுத்துகிறார்களா? வேளைக்குச் சாப்பிடுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் பேசும்போது உங்கள் அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறார். அவர் இல்லாத நேரம் பேசினாலும், நீங்களே அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறீர்கள். சின்ன வயதுப் பழக்கம், குற்றம் சொல்லவில்லை. ஜோஸ்வின் அண்ணன் விடுமுறை முடிந்து நாளை மஸ்கட் திரும்புகிறார். உங்கள் கையில்தான் கொடுப்பேன் என்றார். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

பாப்பாவுக்கு வேலூரில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பாப்பாவுக்குக் கொடுத்த சத்துமாவை நிறுத்திய பிறகு ஈயத்தின் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இறங்கியது நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே உள்ளே போனது மூளையை என்ன செய்திருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது, பள்ளிக்கூடம் போகிற வயதுவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். கிணற்றுத் தண்ணீர், மஞ்சள் தூள், சுவரில் அடித்த பெயின்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்கினார்கள். கடைசியில் நின்றது மாவுதான். போனைக் காட்டினால் முன்பு ‘ப்பா’ என்பாளே, இப்போது சும்மா பார்க்கிறாள்.

உங்கள் அண்ணனுக்குத் தெரிந்தே நடந்தது என்று நான் நினைக்கவில்லை. அந்த மாவுக் கம்பெனிக்கு அவர் ஏஜென்ட் ஆனதும், முதல் பாக்கெட்டைத் தம்பி மகளுக்கென்று ஆசையாகத் தூக்கிவந்தவர் அவர்தான். ஆனால் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லை என்று பேச்சு கிளம்பியதும், போளூரிலும் செங்கத்திலும் கடை கடையாகப் போய் மிச்சமிருந்த சரக்கையெல்லாம் கம்பெனி வண்டியில் ஏற்றி அனுப்பியவரும் அவர்தான். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்தபோது எந்தக் கடையிலும் ஒரு பாக்கெட் இல்லை. வீட்டில் கேட்டால், ‘இன்னா பெரிய ஈயம்? ஈயம் பூசுன பாத்திரத்துல துன்னுதான வளந்தோம், செத்தா பூட்டோம்?’ என்கிறார். பாத்திரத்துக்குப் பூசுவது வேறு உலோகம் என்று டாக்டர் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டையில்தான் முடியும்.

உங்கள் போனுக்கு அவர் ஒரு பத்திரம் அனுப்பியிருப்பார். வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்கும், குழந்தைக்கு வந்தது மாவினால் அல்ல, இனி எந்த மன்றத்துக்கும் போகமாட்டோம் என்று அதில் இருக்கிறது. என்னிடமும் நீட்டினார். நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு நானும் போடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அதை இலவச சட்ட உதவி மையத்து வக்கீல் அருள்மணியிடம் காட்டினேன். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வக்கீல் கட்டணம் இல்லை. நிதானமான மனிதர். அப்பா கையெழுத்துப் போட்டாலும் வழக்கு செத்துவிடாது, ஆனால் முதல் நாளே அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள் என்றார். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறதாம். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சேர்ந்தும் கொடுக்கலாம். ஆனால் எந்தத் தேதியில் அரைத்த மாவு என்று காட்ட வேண்டும், பாக்கெட் எங்கே என்று கேட்டார். வாங்கிவந்ததும் மாவை எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிட்டுப் பாக்கெட்டைத் தூக்கிப் போடுவதுதானே நம் வழக்கம்.

அதே பாக்கெட்டை உங்கள் அண்ணனும் தேடினார். உங்கள் அண்ணி சம்பூர்ணம் அக்காவிடம் என் எதிரிலேயே கேட்டார். ‘அடுப்புல போட்டுக் கொளுத்தினேன். குப்பைய வேற இன்னா பண்ணுவாங்க, பூஜை பண்ணுவாங்களா?’ என்றார் அக்கா. நானும் நம்பிவிட்டேன்.

மறுநாள் அவர் செங்கம் போனதும், அக்கா முக்காலி போட்டு ஏறி, அடுப்புக்கு மேலே விட்டத்தில் கட்டியிருந்த அவரை விதையை இறக்கினார். சாம்பல் கலந்து வாயைக் கட்டிவைத்தால் விதைக்கிற நாளில்தான் அவிழ்ப்பார், உங்களுக்குத் தெரியும். வண்டு துளைக்காது என்று இந்த வருஷம் துணிக்குப் பதிலாக நம் மாவுப் பாக்கெட்டில் கட்டியிருக்கிறார். விதையை முறத்தில் கொட்டி, சாம்பலை உதறி, பாக்கெட்டை மடித்து என் பையில் வைத்தார். ‘எனக்கும் ரெண்டு புள்ளைங்கோ கீதுங்க. நான் குடுத்தன்னு மட்டும் சொல்லிடாத’ என்றார்.

உள்ளே சாம்பல் பட்டதால் அதை வைத்துச் சோதிக்க முடியாது. வெளியே அச்சடித்த தயாரிப்பு எண்ணும் தேதியும் மட்டும் அழியாமல் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் பழக்கமான கணியம்பாடி கிருபாவதியின் பையனுக்கும் இதே ஈயம்தான். அவள் வீட்டில் பாதி மாவோடு இருக்கும் பாக்கெட்டிலும் அதே எண். வாங்கியவரே அரசு பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம் என்று வக்கீல் சொல்ல, அவள் கொடுத்துவிட்டாள். முடிவு வந்ததும் இருவரும் சேர்ந்து புகார் கொடுக்கப்போகிறோம்.

மாமா, உங்களுக்கு மஸ்கட் விசாவை வாங்கிக் கொடுத்தது உங்கள் அண்ணன் என்பது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் கையெழுத்து மட்டும் வேண்டாம். யோசிக்கிறேன் என்று சொல்லுங்கள், அது போதும். அக்கா பெயர் உங்கள் வாயில் வரவே வேண்டாம். கொளுத்திவிட்டதாகச் சொன்ன பாக்கெட்டை வழக்குக் காகிதங்களோடு பார்க்கிற அன்றைக்கு உங்கள் அண்ணனுக்கே எல்லாம் விளங்கிவிடும். அன்று சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது நானும் அக்காவும் மட்டும் தனியாக இங்கே இருக்கக் கூடாது.

விதையைப் பழைய புடவைத் துணியில் கட்டி, அதே இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார் அக்கா. உங்கள் அண்ணன் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆடியில் விதைக்கத் தம்பி வருவாரா என்று அக்கா நேற்று இரண்டு தரம் கேட்டார்.

முருகன் உங்களைக் காக்கட்டும். ஊருக்கு வர லீவு கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஷோபனா